எண்ணூற்று நாற்பது புள்ளிகள்

கூம்புக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் நான்தான். புதிதாகக் கேட்கிறவர்கள் தலையின் வடிவத்துக்காக வைத்தது என்று நினைத்து, அவன் தலையை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்கள். தலையில் ஒரு குறையும் இல்லை, முடி குறைவு என்பதைத் தவிர. வாயைத் திறந்தால் கூம்பைப் பற்றியே பேசுவான் என்பதால் வைத்தேன். அவன் கோபப்படவில்லை. பதினைந்து வருடத்தில் அவன் யார்மேலும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அவன்மேல் இருந்த முதல் கோபமே அதுதான்.

வெளிச்சம் பட்டால் மூலக்கூறுகள் என்ன ஆகின்றன என்று ஆராய்கிற ஆய்வகம் எங்களுடையது. நான் வேதியியல் படித்தவள் இல்லை. அவர்கள் கணக்குப் போடுகிற இருநூற்றுச் சொச்சம் கணினிகளை அடுக்கி வைத்திருக்கிற அறைக்குப் பொறுப்பு. கணினிகளுக்காகக் குளிரூட்டிய அந்த அறையில் வருடம் முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மின்விசிறிகளின் இரைச்சலில் கத்திப் பேசிப் பழகி, வீட்டிலும் அதே குரலில் பேசி வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எதை ஓட்டினார்கள், எதை அழித்தார்கள் என்பதெல்லாம் நிமிடம் தப்பாமல் என் பதிவேட்டில் இருக்கும். அதனால் ஆய்வகத்தில் எனக்கு மரியாதை உண்டு. பயம் என்றும் சொல்லலாம்.

அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் தேநீர் இடைவேளையில் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன், என்னதான் கணக்குப் போடுகிறாய் என்று.

“அக்கா, வெளிச்சம் பட்டதும் மூலக்கூறு மாடிக்கு ஏறிடும். அங்க ரொம்ப நேரம் நிக்க முடியாது, இறங்கியாகணும். படிக்கட்டு கிடையாது. ஆனா மேல் தளமும் கீழ்த் தளமும் ஒரே ஒரு இடத்துல தொட்டுக்கிட்டு இருக்கும், ரெண்டு கூம்பை முனையோட முனை வச்ச மாதிரி. அந்த முனை வழியா வழுக்கிக் கீழ விழும். எந்தப் பக்கம் விழுதோ அதுதான் அதோட தலையெழுத்து. ஒரு பக்கம் விழுந்தா உருவம் மாறும். ஒரு பக்கம் விழுந்தா பழையபடியே ஆயிடும். ஒரு பக்கம் விழுந்தா உடைஞ்சே போயிடும்.”

“இதுக்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்?”

“நீங்க ஒரு தடவை இமைக்கறதுக்குள்ள லட்சம் கோடி தடவை விழுந்து எழுந்துடலாம்.”

“அப்ப அதை நான் பார்க்கப் போறதில்ல. டீயைக் குடி, ஆறுது” என்றேன். மறுநாளிலிருந்து அவன் கூம்பு.

அவன் அப்பா பேருந்து ஓட்டுநர். பையன் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம் அப்பாவும் அம்மாவும் ஏழு மாத இடைவெளியில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது அவனைவிடப் பதின்மூன்று வயது இளைய தங்கை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திட்ட உதவியாளர் வேலைக்கு வந்தான். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. அடுத்த வருடம் பட்டத்தை முடித்துவிடுவேன் என்று எல்லா வருடமும் சொல்வான். அவனுக்குப் பிறகு வந்தவர்கள் பட்டம் வாங்கினார்கள், பதவி வாங்கினார்கள், தொப்பையும் வாங்கினார்கள். அவன் ஜன்னலோர மேசையிலேயே இருந்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால், “பாப்பாவுக்கு முதல்ல முடியட்டும் அக்கா” என்பான். பாப்பாவிடம் கேட்டால், “அண்ணனுக்கு முடியட்டும்” என்பாள். ஒருவரையொருவர் முன்னால் அனுப்பப் பார்த்து இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அவள் வளர்ந்து முப்பதைத் தாண்டிய பிறகும் அவனுக்கு அவள் பாப்பாதான். ஒரு துணிக்கடையில் உடைகளை அளவுக்குத் திருத்தித் தைக்கிற வேலை பார்த்தாள். ஒருநாள் சாயங்காலம் கீழே விழுந்த ஊசியைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஊசி அவள் காலடியிலேயே கிடந்ததைப் பக்கத்து மேசைக்காரி எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் அதேபோல் கத்தரிக்கோல். கண் மருத்துவமனையில் சொன்னார்கள்: விழித்திரையில் வெளிச்சத்தை வாங்குகிற செல்கள் ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகின்றன. முதலில் மங்கல் வெளிச்சத்தில் தெரியாது, பிறகு ஓரங்கள் போகும், கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம் மட்டும் இருக்கும், அதுவும் சுருங்கிக்கொண்டே போகும். மருந்து கிடையாது.

அந்த மருத்துவமனையோடு சேர்ந்து எங்கள் பேராசிரியர் ஒரு திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். வேறு திட்டத்தில் இருந்த கூம்பு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அறைக்குப் போய்க் கெஞ்சி, இதற்கு மாறிக்கொண்டான். திட்டம் இதுதான். வெளிச்சத்தை வாங்குகிற செல்கள் செத்துப்போனாலும், அவற்றுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு செல்கள் கொஞ்சகாலம் உயிரோடு இருக்கும். அவை பாவம், சேதி வராத தபால் ஆபீஸ். வெளிச்சம் பட்டால் வளைந்து, வெளிச்சம் போனால் நிமிர்கிற ஒரு மூலக்கூறை அவற்றின்மேல் ஒட்டவைத்தால், ஸ்விட்ச் போட்டது போல அவற்றுக்குச் சேதி போகும். தெளிவாகப் பார்க்க முடியாது. கதவு எது, சுவர் எது, எதிரில் நிற்பது ஆளா என்று தெரியும். முதலில் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தவர்களின் பட்டியல் ஒன்று மருத்துவமனையில் இருந்தது. அதில் பாப்பா நான்காவது.

அந்த நரம்பு செல்களும் ரொம்ப நாள் காத்திருக்காது. அதற்குள் மூலக்கூறு கிடைக்க வேண்டும். கூம்பு வாழ்க்கையிடம் கேட்டது அது ஒன்றைத்தான். கிடைத்தாலும் எலி, முயல், அனுமதி என்று இன்னும் எத்தனை படி ஏற வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். எனக்கும் தெரியும். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இத்தனை நீளமான வாய் இருந்தும்.

காகிதத்தில் ஐம்பத்திரண்டு மூலக்கூறுகள் இருந்தன. எல்லாவற்றையும் செய்து பார்க்க யாராலும் முடியாது. எது சரியாக வளைந்து நிமிரும் என்று கணக்கில் கண்டுபிடித்துச் சொன்னால் அதை மட்டும் செய்யலாம். மூலக்கூறின் ஒரே ஒரு வடிவத்துக்குக் கணக்குப் போட என் கணினிக்கு மூன்று மணி நேரம் ஆகும். மாடியிலிருந்து ஒருமுறை விழுவதற்குள் அது ஆயிரக்கணக்கான வடிவங்களைக் கடக்கும். நூற்றுக்கணக்கில் விழவைத்துப் பார்த்தால்தான் எந்தப் பக்கம் எத்தனை என்று தெரியும். என் இருநூறு கணினிகளும் அவன் ஓய்வு பெறும்வரை ஓடினாலும் தீராது. அதனால் அறுபதாயிரம் வடிவங்களுக்கு மட்டும் முறையாகக் கணக்குப் போட்டு, அதைப் பாடமாக வைத்து இயந்திரக் கற்றல் மாதிரி ஒன்றுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். பிறகு எந்த வடிவத்தைக் காட்டினாலும் அது நொடியில் விடை சொல்லும். அதில் ஒரு கோளாறு உண்டு. பாடத்தில் இல்லாததைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லாது. கூசாமல் ஒரு விடையைச் சொல்லும்.

கூம்பின் அருமை இங்கேதான். அந்த முனைக்குப் பக்கத்தில் மேல்தளம் எது, கீழ்த்தளம் எது என்று நிரலுக்கே குழம்பிப்போகும். முன்னும் பின்னும் அலைந்து, கடைசியில் ‘குவியவில்லை’ என்று எழுதிவிட்டு நின்றுவிடும். மற்றவர்கள் அப்படி நின்ற கணக்குகளைக் குப்பை என்று தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கூம்பு தள்ள மாட்டான். பக்கத்து வடிவத்தில் ஒழுங்காக முடிந்த கணக்கை எடுத்து இதற்குத் தொடக்கமாகக் கொடுப்பான். அணுக்களை முடியளவு நகர்த்துவான், ஓட்டுவான், மறுபடி நகர்த்துவான். மிரண்ட குழந்தையைப் புது வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போவது போல ஒவ்வொன்றையும் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவான். ஒரு நாளைக்குப் பத்து, மிஞ்சினால் பன்னிரண்டு. அந்தக் கணக்குகளை ‘பிடிவாதம்’ என்ற ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தான். “யாரைப் பார்த்து இந்தப் பேரை வச்ச?” என்று கேட்டேன். “உங்களைப் பார்த்துத்தான் அக்கா” என்று சிரித்தான்.

அந்த வருடம் மார்ச் ஆரம்பத்தில் பிடிவாதத்தில் எண்ணூற்று நாற்பது புள்ளிகள், அதாவது கணக்கு முடியாமல் நின்ற வடிவங்கள், இருந்தன. மே கடைசிக்குள் முடித்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தான். மார்ச் ஒன்பதாம் தேதி பாப்பாவின் வலது கண்ணில் விழித்திரை பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

அறுவை சிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைத்தார்கள். அந்தக் குமிழி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றால் நோயாளி குப்புறத்தான் படுத்திருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும். முதல் தடவை ஒட்டவில்லை, மறுபடி செய்தார்கள். மொத்தம் ஆறு வாரம். நான் ஒருநாள் பார்க்கப் போனேன். கட்டிலின் தலைமாட்டில் முகம் வைக்க ஒரு ஓட்டை. அதற்கு நேர் கீழே தரையில் செய்தித்தாள் விரித்து கூம்பு மல்லாந்து படுத்துக்கொண்டிருந்தான். மற்றக் கண்ணில் அவளுக்கு அந்தக் குழாயளவு பார்வை இருந்ததே, அதற்குத் தரையை மட்டும் காட்டிக்கொண்டிருப்பானேன் என்று தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தான். பேருந்தில் யாரோடு சண்டை நடந்தது, நர்ஸ் எப்படிக் கொட்டாவி விடுகிறாள் என்றெல்லாம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மேலேயிருந்து அவள், “அண்ணா, மூக்குல முடி தெரியுது, வெட்டிட்டு வா” என்றாள்.

ஏப்ரல் ஆரம்பத்தில் பேராசிரியர் போன் செய்து, பயிற்சியை உடனே தொடங்க வேண்டும், நிதி தருகிறவர்கள் கேட்கிறார்கள் என்று நெருக்கினார். அவன் மருத்துவமனை நடைக்கூடத்தில் நின்றுகொண்டு, மடிக்கணினியைக் குப்பைத்தொட்டி மூடியின்மேல் வைத்து, ஒரே ஒரு வரி எழுதினான். முடியாத கணக்குகளை விட்டுவிட்டு மற்றவற்றைப் பயிற்சிக்கு எடு. நான்கு நிமிடம் உள்ளே இருந்திருக்கிறான். பதிவேட்டில் இருக்கிறது, ஏப்ரல் நான்கு, பகல் பதினொன்று இருபது.

இப்போது என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போது சேமிப்பிடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. முப்பது நாளுக்கு மேற்பட்ட தோற்றுப்போன கணக்குகள் தாமாக அழிக்கப்படும், வேண்டுமென்பவர்கள் எழுதிக் கேட்கவும் என்று சிவப்பு எழுத்தில் எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பினேன். அவன் மட்டும் பதில் எழுதவில்லை. அவன் எங்கே படுத்திருக்கிறான் என்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தவள்தான் நான். ஆனாலும் சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம் என்று விறைப்பாக இருந்தேன். ஏப்ரல் ஏழாம் தேதி என் துடைப்பம் பிடிவாதத்தைச் சுத்தமாகப் பெருக்கித் தள்ளியது.

அவன் மே மாதம் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான்கு மாதிரிகளுக்குத் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்து, நான்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வழக்கம். அச்சு அசலாக ஒத்துப்போனது. சோதனைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த புள்ளிகளிலும் விடை கச்சிதம். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? நான்கும் ஒரே ஓட்டைப் பாடத்தைப் படித்தவை. சோதனைக் கேள்வியும் அதே பாடத்திலிருந்து எடுத்தது. பதினேழாவது மூலக்கூறு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தடவை வளைந்து நிமிரும் என்று வந்தது. பேராசிரியர் எல்லோருக்கும் கேக் வாங்கினார். கூம்பு பிடிவாதத்தைத் திறந்து பார்த்தான், காலியாக இருந்தது. இத்தனை நல்ல விடைக்குப் பிறகு அந்த எண்ணூறு என்ன பெரிதாக மாற்றிவிடப் போகிறது என்று தானே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். அன்றைக்கு அவன் கேக்கை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு பாப்பாவுக்கு எடுத்துப் போனான்.

பதினேழைக் குடுவையில் செய்து எடுக்கிற பொறுப்பு கீழ்த்தளத்துப் பெண்மணி ஒருத்திக்கு. அவளைக் குடுவைக்காரி என்போம். காலையில் கையுறை மாட்டினால் மாலையில்தான் கழற்றுவாள், வெட்டிப் பேச்சுக்கு ஆளில்லை. பதினான்கு படிகள், ஒவ்வொன்றிலும் பாதி வீணாகும். இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடத்தில் பாப்பாவின் வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் இருந்த குழாயளவு பார்வையும் ஒரு வைக்கோல் அளவுக்குச் சுருங்கியது. கடை வேலையை விட்டாள். கூம்பு தினமும் ஒருமுறை கீழ்த்தளத்துக்குப் போய் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு வருவான். “அடுப்புல வச்சது வெந்துடுச்சான்னு பார்க்க வர்றீங்களா?” என்று குடுவைக்காரி விரட்டுவாள். ஆனால் அவள்தான் பாப்பாவைப் பற்றித் தவறாமல் விசாரிப்பாள்.

மூன்றாவது வருடம் ஜூன் மாதத்தில் பதினேழு தயாராகி நீல விளக்கின் முன்னால் வந்தது. மஞ்சள் திரவம் ஆரஞ்சாக மாறியது. எல்லோரும் கைதட்டினார்கள். விளக்கை அணைத்தால் மறுபடி மஞ்சளாக வேண்டும். வந்த மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருந்தது. மறுபடி விளக்கு, இன்னும் வெளுப்பு. பத்தாவது தடவை குடுவையில் இருந்தது வெறும் தண்ணீர் நிறம். பதினேழு வளைந்து நிமிரவில்லை, உடைந்துகொண்டிருந்தது.

குடுவைக்காரி மூன்று தடவை புதிதாகச் சுத்தம் செய்து பார்த்தாள். மூன்று தடவையும் அதேதான். கணக்கு இத்தனை உறுதியாகச் சொல்கிறது, உன் கையில்தான் ஏதோ அழுக்கு என்று பேராசிரியர் நாகரிகமான வார்த்தைகளில் சொன்னார். வெள்ளிக்கிழமை கூட்டம் வைத்து முடிவு செய்வதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் மதியம் கூம்பு என் அறைக்கு வந்தான். பேயறைந்தவன் மாதிரி இருந்தான். ஸ்வெட்டர்கூடப் போடாமல் அந்தக் குளிரில் நின்றான்.

“அக்கா, பிடிவாதம் ஃபோல்டருக்கு நகல் இருக்கா?”

“தோத்த கணக்குக்கு நகல் எடுக்கறதில்லையே தம்பி. ஏன்?”

“காலையில பதினேழு உடையற பக்கத்துல ஒரே ஒரு புள்ளிக்குக் கையால கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிணைப்பு அறுந்து போற பக்கத்துல இன்னொரு கூம்பு இருக்கு. ரொம்பத் தாழ்வா இருக்கு. மாதிரி அங்க மேடுன்னு சொல்லுது. அங்க பள்ளம் அக்கா. அத்தனையும் அதுலதான் போய் விழுது. நான் விட்டுட்டேன். அந்த எண்ணூத்து நாப்பதும் அங்கதான் இருந்திருக்கு.”

நான் பதிவேட்டைத் திறந்தேன். ஏப்ரல் நான்கு. ஏப்ரல் ஏழு. அந்த இரண்டாவது தேதிக்கு எதிரே இருந்தது என் பெயர். தேதிகளைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கட்டிலும் செய்தித்தாளும் ஞாபகம் வந்தன. அவன் எதைச் செய்துகொண்டிருந்த நேரத்தில் இது நடந்தது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. நான், “அழிச்சது நான்தான்னு நாளைக்கு வந்து சொல்றேன்” என்றேன்.

“வேண்டாம் அக்கா. விட்டது நான். நீங்க குப்பையைத்தான் பெருக்கினீங்க, அதைக் குப்பைன்னு சொன்னது நான். ஒண்ணு மட்டும் கேக்கறேன். எந்த மாசம்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க. பாப்பா காதுக்குப் போச்சுன்னா செத்துடுவா.”

மறுநாள் கூட்டத்தில் பேராசிரியர் குடுவையைப் பற்றி ஆரம்பிக்கும்போதே அவன் எழுந்தான். “குடுவையில அழுக்கு இல்ல சார். என் கணக்குலதான் ஓட்டை” என்றான். ஏன் அந்தப் புள்ளிகளை விட்டாய் என்று கேட்டார். அலுப்பாக இருந்தது, விட்டுவிட்டேன் என்றான். அந்த ஆளுக்கு அலுப்பா! பதினைந்து வருடம் ஒரு புள்ளியைக்கூட விடாதவனுக்கு! அறையில் ஒருவருக்காவது அது பொய் என்று பட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, ஏப்ரலில் போன் செய்து நெருக்கிய பேராசிரியர் உட்பட. குடுவைக்காரி மட்டும் மேசையைப் பார்த்தபடி, “ரெண்டு வருஷம்” என்றாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை.

எண்ணூற்று நாற்பதையும் மறுபடி உண்டாக்கி ஒவ்வொன்றாக முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனான். நான்கு மாதம். இந்தத் தடவை கேட்காமலேயே அவனுக்கு நகல் எடுத்து வைத்தேன், என்ன பிரயோஜனம்? ஓட்டையை அடைத்த பிறகு மாதிரி உண்மையைச் சொன்னது. பதினேழு நூற்றுக்கு எழுபது தடவை உடையும். மற்றவற்றில் முப்பத்தாறாவது மட்டும் தேறலாம், ஆனால் அதைச் செய்ய இன்னும் மூன்று வருடம். அதற்குள் நிதி முடிந்தது, மருத்துவமனை பட்டியலை மூடியது. அவன் வேலையும் அந்த வருடம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது ஒரு பெயிண்ட் கம்பெனியில் இருக்கிறான். எந்தச் சாயம் வெயிலில் வெளுக்கும் என்று கணக்குப் போடுகிறான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு. பாப்பா மேசையில் பொத்தான்களைக் கொட்டி, தொட்டுத் தொட்டு அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு ஜன்னல் இருக்கிற திசை மட்டும்தான் தெரியும். கூம்பு எனக்காக ரொட்டி வாங்க வெளியே போனான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் அவள் கையை நிறுத்தினாள்.

“அக்கா, அந்தப் புள்ளிங்களை அண்ணன் எப்ப விட்டாரு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிடக் கணக்குச் சொல்கிறவளுக்கு ஒரு மாதத்தை உளற எவ்வளவு நேரம் ஆகும்? “அது மே மாசம்மா. உன் ஆபரேஷன் எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அப்புறம்தான். அதுலயும் பாதித் தப்பு என்னோடது, நான்தான் அழிச்சேன்” என்றேன்.

அவள் சிரித்தாள். சந்தோஷமாகச் சிரிக்கவில்லை.

“அலுப்புல விட்டுட்டேன்னு கூட்டத்துல ஒத்துக்கிட்டதா அண்ணனே சொன்னாரு, பிப்ரவரின்னு சொன்னாரு. ஆபரேஷனுக்கு முன்னாடியேன்னு சொன்னாரு. நீங்க மேன்னு சொல்றீங்க, ஆபரேஷனுக்கு அப்புறம்னு சொல்றீங்க. நான் ஆபரேஷனைப் பத்திக் கேக்கவே இல்லையே அக்கா.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழுதது நான்தான்.

“அழாதீங்க. அந்த ஆறு வாரம் அவர் தரையில படுத்துக்கிட்டு என்னை சிரிக்க வச்சாரு. அண்ணன் முகத்தை நான் கடைசியா முழுசாப் பார்த்தது அப்பதான். அதுக்கப்புறம் மூக்கைப் பார்த்தா வாய் தெரியாது, வாயைப் பார்த்தா கண் தெரியாது. இப்ப எதுவும் தெரியாது. உன் கண்ணைத் திருப்பித் தர்றேன், அந்த ஆறு வாரத்தைக் குடுன்னு யாராவது கேட்டா, நான் குடுக்க மாட்டேன் அக்கா.”

“இதை அவன்கிட்ட சொல்லும்மா. தினம் தினம் உள்ளுக்குள்ள புழுங்கிச் சாகறான். இந்த ஒரு வார்த்தை போதும் அவனுக்கு.”

“எப்படிச் சொல்வேன்? சொன்னா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சிடும். என்னாலதான் போச்சுன்னு நான் நினைக்கக் கூடாதுன்னுதானே அத்தனை பேர் முன்னாடி சோம்பேறிப் பட்டம் வாங்கிக்கிட்டாரு. அது ஒண்ணுதான் அவருக்கு மிச்சம். அதையும் நான் பிடுங்கணுமா? நீங்களும் சொல்லக் கூடாது.”

வெளியே சாவி திருகுகிற சத்தம் கேட்டது. அவள் என் கையை விடுவித்துக்கொண்டு பொத்தான்களைத் துழாவ ஆரம்பித்தாள். கூம்பு ரொட்டியோடு உள்ளே வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன அக்கா, ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டு இருந்தீங்க?” என்றான்.

“அக்கா அவங்க மெஷினைப் பத்திப் பீத்திக்கிட்டு இருக்காங்க” என்றாள் பாப்பா.

நானும் ஆமாம் என்றேன்.